எலக்ட்ரான் ஆய்வுத் தரவை விரிதாளில் அலசுவது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஆய்வகத் தரவை அலச எக்ஸெலையும் லிப்ரே ஆபிஸ் கால்க்கையும் பல வருடங்களாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றை அதிகம் நம்பியிருப்பது எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் ஆய்வில்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்களுக்கு, அதாவது சீரான காந்தப்புலம் தரும் இணைச் சுருள்களுக்கு, நடுவே கண்ணாடிக் குமிழுக்குள் எலக்ட்ரான் கற்றை வட்டமாக ஒளிரும். முடுக்கும் மின்னழுத்தம், சுருளில் ஓடும் மின்னோட்டம், வட்டத்தின் ஆரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிடைக்க வேண்டிய விடை 1.7588 × 10¹¹ கூலும்/கிலோகிராம்.

பலரும் ஒவ்வொரு அளவுக்கும் தனியாக விகிதத்தைக் கணக்கிட்டு, கடைசியில் சராசரி எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லா அளவுகளையும் ஒரே பக்கம் இழுக்கும் பிழை சராசரிக்குள் மறைந்துவிடும், வரைபடத்தில்தான் மாட்டும். மின்னழுத்தத்தை மாற்றாமல் வைத்து, கிடை அச்சில் ஆரத்தின் தலைகீழியையும் (1/ஆரம்) செங்குத்து அச்சில் மின்னோட்டத்தையும் போட்டுப் பாருங்கள். நேர்கோடு வரும். அதை பூஜ்ஜியம் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் ஒளிந்திருக்கிறது.

130 சுற்றும் 15 செ.மீ. ஆரமும் உள்ள சுருள் ஜோடி ஓர் ஆம்பியருக்கு சுமார் 0.78 மில்லிடெஸ்லா தரும். பூமியின் புலமோ இடத்தைப் பொறுத்து 0.025 முதல் 0.065 மில்லிடெஸ்லா வரைதான். ஆனால் விகிதத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் காந்தப்புலம் வர்க்கமாக வருகிறது. அதனால் புலத்தில் 3 சதவீதம் தவறினால் விடையில் 6 சதவீதம் போய்விடும். பூமியின் புலம் வெட்டை மட்டுமே நகர்த்துவதால், கோட்டின் சாய்விலிருந்து விகிதத்தைக் கணக்கிட்டால் இந்தத் தொல்லை தானாகவே விலகிவிடுகிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாய்வை எடுக்க, வரைபடத்தில் வரும் போக்குக்கோட்டின் சமன்பாட்டை நான் நம்புவதில்லை. இலக்கங்களைக் குறைத்துக் காட்டும், பிழையளவையும் சொல்லாது. தரவுக்கு நேர்கோட்டைப் பொருத்தித் தரும் லின்எஸ்ட் (LINEST) சார்பைப் பயன்படுத்துங்கள். சாய்வு, வெட்டு, இரண்டின் திட்டப்பிழை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். அப்புறம் எச்சங்களுக்கு, அதாவது அளந்ததற்கும் கோடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு, ஒரு தனி வரைபடம் போடுங்கள். புள்ளிகள் சிதறியிருந்தால் சரி. வில் போல வளைந்தால் பெரும்பாலும் ஆரத்தை அளந்த விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. செல்லில் =-2^2 என்று தட்டினால் விடை 4 என்று வரும். கணிதத்தில் அது −4. மைனஸ் குறியை முதலில் சேர்த்துக்கொண்டு அப்புறம் வர்க்கம் எடுப்பது இந்த மென்பொருள்களின் வழக்கம். மணி வடிவ காஸியன் வளைவைப் பொருத்தும்போது, வர்க்கத்துக்கு முன் மைனஸ் வரும் இடத்தில் அடைப்புக்குறி இல்லாவிட்டால், சரிய வேண்டிய வளைவு மேலே பாய்ந்துவிடும். எக்ஸெல், கால்க் இரண்டிலும் இப்படித்தான்.

குறை என்று பார்த்தால், லின்எஸ்ட் எல்லாப் புள்ளிகளையும் சமமாக நினைக்கிறது. சில அளவுகள் மற்றவற்றைவிடத் துல்லியமாக இருந்தால் எடையை நாமே பெருக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு அச்சிலும் பிழை இருக்கும் தரவை நான் பைத்தான் நிரல்மொழிக்குக் கொண்டுபோய்விடுவேன். ஆனால் அளவெடுக்கும் நேரத்தில் பக்கத்தில் விரிதாள்தான் திறந்திருக்கும். எண்ணைத் தட்டியதும் புள்ளி வரைபடத்தில் விழுகிறது. கோட்டை விட்டு விலகினால், கருவியை அணைக்கும் முன்பே மறுபடி அளந்துவிடலாம்.