பல்லே வாகல: பொருள்களுக்கு முன் வீட்டைப் பாருங்கள்

கண்டி தேசிய நூதனசாலைக்கு வருவோரில் பலர், தலதா மாளிகையை வணங்கிவிட்டு, பஸ்ஸுக்கு மிஞ்சிய அரைமணி நேரத்தில் அதை எட்டிப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

'பல்லே வாகல', அதாவது கீழ் அரண்மனை எனப்படும் இக்கட்டடம், 1798 முதல் 1815 வரை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அரசியரின் இருப்பிடமாக எழுந்தது. 1942இல் நூதனசாலையாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. கொழும்பில் 1877இல் திறக்கப்பட்ட வெள்ளை நிற நூதனசாலைக் கட்டடத்தின் பிரமாண்டம் இதற்கு இல்லை. தணிந்த ஓட்டுக் கூரையும் தடித்த சுவர்களும் நடுமுற்றமும் கொண்ட இது, அரண்மனை என்பதைவிட ஒரு பெரிய வீடு என்றே மனத்தில் பதிகிறது. அந்த எளிமைதான் இதன் அழகு என்று நான் கருதுகிறேன்.

அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் யார் என்பதை நினைத்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். 1739இல் வாரிசின்றி மன்னர் இறந்தபோது அரசியின் சகோதரரே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். ஆகவே கண்டியின் கடைசி நான்கு மன்னர்களும் நாயக்க வம்சத்தவர்களே. கடல் கடந்து வந்த பெண்களின் பேச்சும் பழக்கமும் இந்த அரசவையில் கலந்திருந்தன.

காட்சிப் பொருள்களில் என்னை நெடுநேரம் நிறுத்தியவை, வெற்றிலை போடுவதற்கென்றே செய்யப்பட்ட பாக்குவெட்டிகளும் சுண்ணாம்புக் கரண்டகங்களும். எங்கள் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலும் அவை இருந்தன. ஆனால் பாக்கு நறுக்கும் இரும்பில் பூவும் கொடியும் செதுக்கும் பொறுமை கண்டிக் கம்மாளருக்கு இருந்தது. மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலையின் நுட்பத்தையும் அறிந்து செல்வது நல்லது: அரக்கைச் சூடாக்கி நூல் போல இழுத்து, மரத்தின்மீது ஒட்டி, கட்டைவிரல் நகத்தாலேயே வெட்டி உருவம் அமைப்பார்கள். யானைத்தந்த வேலைகளும் நகைகளும் நன்றே. அவற்றைப் பிறர் விரிவாகச் சொல்வார்கள்.

சிம்மாசனத்தை மட்டும் இங்கே தேட வேண்டாம். ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த அது, இங்கிலாந்து சென்று 1934இல் திரும்பியபின் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. கண்டியின் சிம்மாசனம் கண்டியில் இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பிரதியை அவசியம் பாருங்கள். அரசனைப் பதவி நீக்கியதோடு, அவனுடைய ஆண் உறவினர்களையும், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களையும் கண்டிப் பிரதேசத்துக்குள் அனுமதியின்றி வரக்கூடாதென அது தடுத்தது. அன்று தமிழரைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய சொல் அது. அதே ஆங்கிலேயர், சில ஆண்டுகளிலேயே கோப்பித் தோட்டங்களுக்காக எங்கள் முன்னோரை இந்த மலைகளுக்கு அழைத்து வந்தார்கள். பிரதியைப் பார்த்த கையோடு, அருகிலுள்ள மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்துக்கு நடந்து சென்று, சித்திர வேலை நிறைந்த அதன் மரத்தூண்களுக்கிடையே சற்று நில்லுங்கள். மார்ச் 2ஆம் திகதி அந்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டது அங்கேதான்.