சௌராஸ்தா மாடியில் கோதிக் கதைகள்: எந்தப் பதிப்பை எடுப்பது?

பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில், பழைய புத்தகக் கடைகளில் கோதிக் எனப்படும் ஆங்கிலத் திகில் கதைகளின் தொகுப்பு தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முழுப் பதிப்பும் பள்ளிப் பிள்ளைகளுக்கெனச் சுருக்கியதும் ஒரே அடுக்கில் கலந்து கிடக்கும். நடையைக் களைந்தாலும் சரக்கு மிஞ்சும் என்று நம்பிச் சுருக்கியவை அவை. மிஞ்சுவதில்லை. இக்கதைகளில் நடைதான் உண்டு, சரக்கில்லை என்று ஒரு புகாரும் உண்டு.

சோதிக்க, எட்கர் ஆலன் போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’யை (1839) பிரியுங்கள். தொடக்கத்தில், கதைசொல்பவன் பகல் முழுக்கக் குதிரையில் வந்து அந்தியில் வீட்டைக் காண்பது வரை ஒரே நீண்ட வாக்கியம். அது நான்காக நறுக்கப்பட்டிருந்தால் திரும்ப வைத்துவிடலாம். நடுவில் ஆறு பத்திக் கவிதை ஒன்றும் இருக்க வேண்டும். அதில் வரும் அரண்மனை உண்மையில் ஒரு மனிதத் தலை. உள்ளே புத்தி கலங்குகிறது. கவிதையை நீக்கினால் கடைசியில் வீடு சரிவது வெறும் கட்டட விபத்து.

போவின் ‘செந்நோயின் முகமூடி’யில் (1842) ஏழு அறைகள்: நீலம், ஊதா, பச்சை, ஆரஞ்சு, வெள்ளை, கத்தரிப்பூ, கறுப்பு. ஆறு அறைகளில் சன்னல் கண்ணாடியும் அறையின் நிறமே. கறுப்பறைக்கு மட்டும் ரத்தச் சிவப்பு. இளவரசன் முகமூடி உருவம் ஒன்றைத் துரத்திப்போய்ச் சாவதும் இதே வரிசையில்தான். ‘பல வண்ண அறைகள்’ என்று சுருக்கியவர் கதையின் பாதையையே அழித்துவிட்டார்.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ (1892) ஒன்றிரண்டு வரிப் பத்திகளாகத் துண்டுதுண்டாக ஓடும். ஓய்வுதான் சிகிச்சை, எழுதக்கூடாது என்று மருத்துவரான கணவன் தடுத்த பெண் ஒளித்து எழுதும் குறிப்புகள் அல்லவா! பத்திகளைச் சேர்த்து அச்சடித்தால் அவள் தெளிவாகப் பேசுவதுபோல் ஆகிவிடும். அந்த ஓய்வுச் சிகிச்சையைக் கில்மன் தாமே பட்டறிந்தவர். சரக்கில்லை என்று இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அந்தப் புகார் போவின் ‘லிஜியா’வுக்கு (1838) ஓரளவு பொருந்தும். மணவறையின் தட்டுமுட்டுச் சாமான் பட்டியல் கதையைவிட நீளமோ என்று தோன்றும்.

இனி தாள். நம் ஊர் ஈரத்தில் முதுகுப் பசை இற்றுப்போகும். நடுப்பக்கத்தை மெல்லத் திறவுங்கள்; நொறுங்கும் சத்தம் கேட்டால் ஏடுகள் கழன்றுவிடும். ஒவ்வொரு கதையின் கடைசி ஏடும் இருக்கிறதா என்று பாருங்கள், இவ்வகைக் கதைக்கு உயிர் அங்கேதான். அட்டை கிழிந்த முழுப் பதிப்பும் பளபளப்பான சுருக்கப் பதிப்பும் ஒரே விலையென்றால் கிழிந்ததையே எடுங்கள். செலோடேப் மட்டும் ஒட்ட வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளில் கறை ஏற்றும்.