கொட்டாஞ்சேனையில் அடித்த சுவிசேஷக் கைப்பிரதி

எங்கள் சபைக்குக் கைப்பிரதி அடிக்க இந்த முறை கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போனோம், தமிழ் எழுத்தில் அவர்கள் காட்டிய கவனத்துக்காகவே இதை எழுதுகிறேன். முன்பு புறக்கோட்டையில் ஓரிடத்தில் கொடுத்தபோது, யுனிகோடில் இருந்ததைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி, கொம்பும் புள்ளியும் இடம் மாறி வேத வசனமே வாசிக்க முடியாமல் வந்தது. ஆண்டவருடைய வார்த்தையை அப்படி ஒருவர் கையில் எப்படிக் கொடுப்பது? இங்கே இருக்கும் அண்ணன் வரி வரியாக வாசித்து, யோவான் 3:16 ஐ வேதாகமத்தோடு ஒப்பிட்டு, மாதிரித் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மெஷினில் ஏற்றினார்.

ஏ4 தாள், மூன்று மடிப்பு, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வேண்டாம், மெல்லிசு, மறுபக்க எழுத்து தெரியும், பஸ்ஸில் வியர்வைக் கையில் நைந்துவிடும் என்று அவரே சொல்லி 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் போடச் சொன்னார். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் வெள்ளவத்தையில் கொடுத்தபோது நிறையப் பேர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள், ரோட்டில் கிடந்தது குறைவு. சில கட்டுகளில் மடிப்பு கோணல். சிங்களப் பக்கத்தைத் திருத்த அங்கே ஆள் இல்லை, அதனால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அப்புறம், நத்தாருக்கு வேண்டுமென்றால் நவம்பர் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், டிசம்பரில் கலண்டர் வேலைதான் ஓடும். சபையின் போன் நம்பரைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், ஜெபத்துக்காக எங்களை அழைப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.