1,850 யூரோ போச்சு: ஸ்கான்டில்லா என்று தலையில் கட்டிய லூசில்லா

கோபம் ஆறிய பிறகு எழுதினால் நாசூக்கு வந்துவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன். ரோமப் பேரரசிகளின் நாணயங்களைச் சேர்ப்பவர்களும் சேர்க்க நினைப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மான்லியா ஸ்கான்டில்லாவின் செஸ்டர்ஷியஸ் (ரோமானியரின் பெரிய பித்தளைக் காசு) என்று சொல்லி 1,850 யூரோ வாங்கிக்கொண்டார்கள். வந்தது வேறொரு பேரரசியான லூசில்லாவின் செஸ்டர்ஷியஸ். இந்த அளவுக்குத் தேய்ந்த லூசில்லா நூறு யூரோவுக்குள் கிடைக்கும். விற்றவர் பெயரைப் போடவில்லை. ஐரோப்பாவில் பழங்கால நாணயம் விற்கும் வியாபாரி, பலர் சேர்ந்து கடை போட்டிருக்கும் ஏலத் தளம் ஒன்றின் வழியாக விற்பவர். இவ்வளவு போதும்.

ஸ்கான்டில்லாவுக்கு ஏன் அந்த விலை என்று புதியவர்கள் கேட்கலாம். கி.பி. 193 மார்ச்சில் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவல் படை, பேரரசையே ஏலம் விட்டது. வீரர் ஒருவருக்கு 25,000 செஸ்டர்ஷியஸ் தருவதாகச் சொல்லி அதை எடுத்தவர் டிடியஸ் ஜூலியானஸ். ஆட்சி 66 நாள்தான், ஜூன் 1 அன்று அவரையும் கொன்றுவிட்டார்கள். அந்த 66 நாளில் மனைவி மான்லியா ஸ்கான்டில்லாவுக்கும் மகள் டிடியா கிளாராவுக்கும் அகஸ்டா (பேரரசி) பட்டம் கொடுத்து நாணயம் அடித்தார்கள். அடித்தது கொஞ்சம், மிஞ்சியது அதிலும் கொஞ்சம். பேரரசிகள் வரிசையை முழுமையாக்க நினைப்பவர் எல்லாம் தேடுவது இந்த இருவரைத்தான். அசல் நாணயத்தில் உளியால் எழுத்தை மாற்றி விற்கும் செதுக்குளிக்காரர்களுக்கும் அது தெரியும்.

நம்பிக்கை எங்கே உண்டானது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவரையும் இதே இடத்தில்தான் பிடிப்பார்கள். விவரணையில் வகை எண், எடை, விட்டம், அச்சுகளின் திசை எல்லாம் ஒழுங்காக இருந்தன. கையெழுத்தில் பழைய அட்டைச் சீட்டு ஒன்றின் படமும் இருந்தது, "பழைய சுவிஸ் சேகரிப்பு" என்ற குறிப்போடு. எல்லாவற்றையும் விட முக்கியம், "வெற்றிடம் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யப்பட்டுள்ளது" என்று குறையை அவரே எழுதியிருந்தார் (வெற்றிடம் என்றால் எழுத்துக்கும் உருவத்துக்கும் இடையே உள்ள வெறும் பரப்பு). தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த ஒரு வரி எதற்காகப் போடப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டதற்கு, "நேரில் இன்னும் அழகாக இருக்கும்" என்று பதில் வந்தது. "அசல் என்பதற்கு வாழ்நாள் உத்தரவாதம்" என்ற வாசகம் தளத்திலும் இருந்தது, பில்லிலும் இருந்தது. 1,850 யூரோவும் வங்கிப் பரிமாற்றமாகத்தான் வேண்டும் என்றார், கார்டு வாங்கமாட்டாராம்.

இனி நாணயத்துக்கு வருவோம். இந்த மோசடியின் அஸ்திவாரம் பின்பக்கம். ஸ்கான்டில்லாவின் செஸ்டர்ஷியஸில் யூனோ ரெஜினா (தேவர்களின் அரசி யூனோ) நிற்பாள், ஒரு கையில் படையல் தட்டு, மறு கையில் செங்கோல், காலடியில் மயில், இருபுறமும் எஸ், சி எழுத்துகள். லூசில்லாவுக்கும் இதே யூனோ ரெஜினா, இதே தட்டு, இதே மயில் உண்டு. ஆகவே பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். முன்பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

செதுக்கியவன் பெயரை எப்படி மாற்றினான் என்பதைப் பார்த்தால் எரிச்சலோடு ஒரு வியப்பும் வருகிறது. லூசில்லாவின் வாசகம் 'லூசில்லே, ஆக், அன்டோனினி, ஆக், எஃப்'. அதாவது அன்டோனினஸ் அகஸ்டஸின் மகள் லூசில்லா அகஸ்டா ('ஆக்' என்பது அகஸ்டா, அகஸ்டஸ் இரண்டுக்கும் சுருக்கம், 'எஃப்' என்றால் மகள்). அந்த அன்டோனினஸ் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ்தான். இலத்தீனில் மொத்தம் 23 எழுத்து. 'மான்லியா ஸ்கான்டில்லா ஆக்' என்பது 18 எழுத்து. அன்டோனினியின் முதல் மூன்று எழுத்து ஏ, என், டி. ஸ்கான்டில்லாவின் நடுவிலும் அதே ஏ, என், டி! அந்த மூன்றையும் கடைசி ஆக்-கையும் அப்படியே விட்டுவிட்டான். அதற்கு முன்னால் இருந்த 11 எழுத்தைச் சுரண்டிவிட்டு 8 எழுத்து செதுக்கினான். பின்னால் இருந்த ஐந்தை நான்காக்கினான். கடைசி எஃப்-ஐ வழித்து எடுத்தான்.

தடயமும் அதிலேயே இருக்கிறது. விட்டுவைத்த ஏ, என், டி நெருக்கமாக, ஓரம் மழுங்கி, தேய்மானத்தோடு நிற்கின்றன. அதற்கு முன்னால் உள்ளவை அகல அகலமாக, கூர்விளிம்போடு இருக்கின்றன. அச்சுக்குள் உலோகம் பாய்ந்து எழுந்த எழுத்தின் அடிப்பகுதி வெற்றிடத்தோடு வழுக்கிச் சேரும். செதுக்கிய எழுத்து அப்படிச் சேராது. அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைத் தோண்டித்தான் எழுத்தை எழும்ப வைக்க முடியும், அதனால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் குழிக்குள் நிற்கும். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் இந்தக் குழி தெரியாது. விளக்கை ஏறக்குறைய படுக்கை வாக்கில் வைத்து, 10 மடங்கு உருப்பெருக்கியில் நாணயத்தை மெதுவாகச் சுழற்றினால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி ஆக்-குக்குப் பிறகு காரணமே இல்லாமல் ஒரு காலி இடம் இருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் அங்கே எஃப்-இன் நெட்டுக்கோடு இன்னும் தெரிகிறது.

கூந்தலிலும் கை வைத்திருக்கிறான். நெற்றிக்கு மேல் அலைகள் இவ்வளவு தேய்ந்திருக்கும்போது பின்கொண்டையில் மட்டும் இழை இழையாகக் கோடு எப்படி மிஞ்சும்? மேடான பகுதி முதலில் தேயும், பள்ளம் கடைசியில் தேயும். இந்த வரிசை தலைகீழாக இருந்தால் அங்கே உளி விளையாடியிருக்கிறது.

அடுத்தது பச்சைப் படலம். சுத்தமான அசிட்டோனில் பஞ்சுக்குச்சியை நனைத்து முன்பக்க எழுத்துகளுக்கு நடுவே உருட்டினால் பச்சை நிறம் பஞ்சோடு வந்துவிடுகிறது. உள்ளே பளிச்சென்று பித்தளை மஞ்சள். செஸ்டர்ஷியஸ் பித்தளை வகை உலோகம், புதிதாகச் சுரண்டிய இடம் அப்படித்தான் இருக்கும். நூற்றாண்டுகளாக மண்ணில் உண்டான படலம் அசிட்டோனுக்கு அசையாது, உலோகத்துக்கும் கேடில்லை. பின்பக்கத்தில் அதே சோதனையில் பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது, பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது.

எடை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். வார்ப்புப் போலியில் எடை, ஓரத்து இணைப்புக்கோடு, காற்றுக் குமிழிப் புள்ளிகள் என்று ஏதாவது சிக்கும். இது வார்ப்பு இல்லையே. ரோமில் அடித்த அசல் வட்டுதான், சுரண்டியதில் போனது சொற்பம். எடை, விட்டம், ஓரம் எதுவுமே உதவாது.

முடிவான சாட்சி அச்சு ஒப்பீடு. கையால் வெட்டிய அச்சு ஒவ்வொன்றும் வேறு. ஒரே அச்சில் அடித்த நாணயங்களில் எழுத்துக்கும் உருவத்துக்கும் உள்ள இடைவெளி அச்சு அசலாக ஒத்துப்போகும். ஏல ஆவணத் தளங்களில் உள்ள லூசில்லா படங்களோடு இதன் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தபோது ஒன்று பொருந்தியது. செங்கோலின் நுனி எந்த எழுத்தைத் தொடுகிறது, மயிலின் தலை எங்கே திரும்புகிறது, எஸ் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எல்லாம் ஒன்றே. லூசில்லா பேரரசர் லூசியஸ் வீரஸை மணந்து பேரரசியானது 164இல். அந்தக் காலத்து அச்சு 193இல் ஸ்கான்டில்லாவுக்கு வேலை செய்ததா?

இவ்வளவையும் படங்களோடு அனுப்பினால் வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், "நல்ல வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள் சார்." பிறகு, "வெற்றிடம் தேய்க்கப்பட்டது என்று முன்பே சொல்லியிருக்கிறோமே." இதற்குத்தான் அந்த வரி! தேய்ப்பது என்றால் துருவையும் கரட்டையும் நீக்குவது, உருவமும் எழுத்தும் மாறாது. இல்லாத எழுத்தைப் புதிதாக வெட்டுவது செதுக்கல். லூசில்லாவின் பெயரை அழித்துவிட்டு வேறொருத்தியின் பெயரை எழுதிவிட்டு "லேசாகத் தேய்த்தோம்" என்பதா?

உத்தரவாதத்தைக் காட்டினால் அதற்கும் பதில் தயார். "நாணயம் பழங்காலத்தது என்பதற்குத்தான் உத்தரவாதம். உங்கள் வாதப்படியே அது இரண்டாம் நூற்றாண்டு ரோமானிய நாணயம்தானே?" இதைப் படித்தபோது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. 1,850 யூரோ கொடுத்தது ஏதோ ஒரு ரோமானிய வட்டுக்கா? அடுத்து, எழுத்துபூர்வமாக இரண்டு நிபுணர் சான்று வேண்டும் என்றார்கள், செலவு வாங்கியவருடையதாம், நிபுணர் யார் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். ஏலத் தளம் இன்னும் சுருக்கமாக முடித்துக்கொண்டது: "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே. பொருள் வந்து சேர்ந்துவிட்டதால் புகார் மூடப்படுகிறது." வங்கியோ, நீங்களாக அனுப்பிய பணத்தைத் திரும்ப இழுக்க முடியாது என்றது. 1,850 யூரோவும் அங்கே, இந்தச் செதுக்கல் வட்டு இங்கே.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். பொறுமை இல்லை, அவசரமாகச் சில மட்டும். டிடியா கிளாரா, ஸ்கான்டில்லா, டொமிஷியா, மார்சியானா, மடீடியா போன்ற அரிய பெயர்களில் சாய்ந்த வெளிச்சப் படம் இல்லாமல் ஏலம் கேட்காதீர்கள். அட்டைச் சீட்டு ஆதாரமே இல்லை, எந்த நாணயத்தோடும் வைக்கலாம். பழைய ஏலப் பட்டியலில் அதே நாணயத்தின் படம், ஓர வெடிப்பு வரை ஒத்துப்போனால்தான் வரலாறு. உத்தரவாதம் 'விவரணையில் உள்ளபடி' என்று இருக்க வேண்டும், 'பழங்காலத்தது' என்று இருந்தால் அது வெறும் காகிதம். கார்டு வாங்காதவரிடம் பெரிய தொகை வேண்டாம். தொடங்குபவர்கள் மூத்த ஃபாஸ்டினா, ஜூலியா டோம்னா ஆகிய பேரரசிகளின் தெனாரியஸ்களில் (வெள்ளிக் காசுகளில்) தொடங்குங்கள், மலிவு, ஒப்பிட ஆயிரக்கணக்கில் படம் உண்டு. பெரிய அக்ரிப்பினாவின் வண்டி உருவ செஸ்டர்ஷியஸ் கண்ணைப் பறிக்கும் அழகில் வந்தால் இரண்டு முறை யோசியுங்கள், 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரத்துப் பதக்கக் கலைஞர் கவினோ செய்த பிரதிகளும் அவற்றின் வார்ப்புகளும் இன்னும் சுற்றுகின்றன.

நம்மவர்களைக் குறிவைக்கும் இன்னொரு கதை, "கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த ஜூலியா டோம்னா". தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸும் டைபீரியஸும்தான். டைபீரியஸ் காசின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணை லிவியா என்று பலர் கொள்கிறார்கள், அந்த மட்டில் சரி. டோம்னா அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிந்தியவள். உண்மையிலேயே மண்ணில் கிடைத்தது என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேளுங்கள், ஆள் காணாமல் போய்விடுவார்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். அதே வியாபாரி இப்போது டிடியா கிளாரா செஸ்டர்ஷியஸ் ஒன்றைப் பட்டியலில் போட்டிருக்கிறார். பின்பக்கம் மகிழ்ச்சித் தேவதை ஹிலாரிட்டாஸ், கையில் பனையோலையும் வளக்கொம்பும் (பழங்கள் நிறைந்த கொம்பு). லூசில்லாவுக்கும் ஹிலாரிட்டாஸ் உண்டு, அதே ஓலை, அதே கொம்பு. இந்த முறை பின்பக்கத்திலும் 'ஹிலார்' என்பதற்குப் பிறகு வரும் 'டெம்போர்' என்ற எழுத்துகள் மட்டும் கூர்மையாக நிற்கின்றன. விவரணையில் "வெற்றிடம் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யப்பட்டுள்ளது" என்று இருக்கிறது. ஏலம் இன்னும் முடியவில்லை, யாரும் கை தூக்காதீர்கள்.