கேபிளுக்குள் எட்டிப் பார்க்கும் கருவி: நானோ விஎன்ஏ எச்4

முல்லைத்தீவுக் கரையில் படகு ரேடியோவும் அன்ரனாவும் திருத்துகிறவனுக்கு மல்ரிமீற்றர் மட்டும் காணாது. நடுக்கம்பி அறாமலும் ஷோர்ட் இல்லாமலும் இருந்தால் கேபிள் நல்லது என்றுதான் அது சொல்லும். நானோ விஎன்ஏ எச்4 என்பது கேபிளுக்குள் பல அதிர்வெண்களில் சிக்னல் அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் சிறு கருவி. அதை வாங்கிய பிறகு, முழுக் கேபிளையும் மாற்றச் சொல்லி ஆட்களைச் செலவழிக்க வைப்பதில்லை.

அண்மையில் ஒரு படகில் எஸ்டபிள்யூஆர், அதாவது அனுப்பும் சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, ஏறிக் கிடந்தது. கேபிள் ஆர்ஜி-58 வகை. அளவைத் தூரவாரியாக மாற்றிக் காட்டும் ட்ரான்ஸ்ஃபோர்ம் வசதியை லோ-பாஸ் ஸ்டெப்பில் வைத்து, 50 கிலோஹேர்ட்ஸிலிருந்து 900 மெகாஹேர்ட்ஸ் வரை, 401 புள்ளிகளில் ஓட்டினேன். வெலோசிட்டி ஃபாக்டர் (ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் கேபிளில் சிக்னல் ஓடும் வேகம்) 66 சதவீதம். இம்பீடன்ஸைக் (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை) காட்டும் கோடு 50 ஓமில் நேராக வந்து, கம்பத்தின் அடியில் கேபிளை இறுக்கி வளைத்துக் கட்டிய தூரத்தில் குழி விழுந்தது. வெளியுறையில் ஒரு கீறலும் இல்லை. வெட்டிப் பார்த்தால், வெயிலில் இளகிய வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் நடுக்கம்பி ஒரு பக்கமாக ஒதுங்கி, அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலை முட்டுகிற நிலையில் நின்றது. அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

புதுக் கேபிளையும் இதில் பார்த்துத்தான் வாங்குகிறேன். முனை திறந்த ஒரு மீற்றர் துண்டு போதும். ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில் அதிர்வெண்ணோடு மாறும் பகுதி) முதலில் சுழியாகும் அதிர்வெண்ணைப் பிடியுங்கள். ஆர்ஜி-58 என்றால் கிட்டத்தட்ட 49.5 மெகாஹேர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணின் பாதியில் ரியாக்டன்ஸ் (மைனஸ் குறியை விட்டுவிட்டு) எத்தனை ஓம் காட்டுகிறதோ, அதுதான் கேபிளின் இம்பீடன்ஸ். 50 வர வேண்டும். டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 என்றால் 75 வரும், அதிர்வெண்ணும் கூடும்.

கலிபரேஷனில் (அளக்க முன் கருவியைச் சரிசெய்வதில்) அவசரப்படக் கூடாது. கருவியில் இருப்பது சிறிய எஸ்எம்ஏ வாய்; படகுக் கேபிளுக்கு அடாப்டர் போட்டே ஆகவேண்டும். திறந்தது, ஷோர்ட், 50 ஓம் லோட் மூன்றையும் அந்த அடாப்டரின் நுனியில் வைத்துச் செய்யுங்கள். அதிர்வெண் வரம்பை மாற்றினால் திரும்பவும் செய்வது நல்லது.

குறை என்றால் திரைதான். நாலு அங்குலம் இருந்தும் கடற்கரை வெயிலில் ஒன்றும் தெரியாது. நான் வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்துதான் பார்ப்பேன். 300 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே ஹார்மோனிக்கில் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்கில்) ஓடுவதால் துல்லியமும் குறையும், ஆனால் 156 மெகாஹேர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் படகு ரேடியோவுக்கு அது பெரிய விஷயமில்லை. ஒன்று கட்டாயம்: அன்ரனாவைக் கொழுவ முன் அதன் கேபிளின் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒருக்கால் ஒன்றோடொன்று தொடவைத்து, தேங்கிய நிலைமின்னை இறக்குங்கள். இடி முழங்கும் நாளில் இதை வெளியே எடுக்கவே வேண்டாம்.