பழசைக் காட்டாமல் புதுசு தராத கடை

முதல் தடவை போனபோது அந்தக் கடைக்காரர் எனக்கு ஒன்றுமே விற்கவில்லை.

"ஹைலக்ஸுக்கு டீசல் ஃபில்டர் ஒன்னு வேணும் அண்ணே."

"எந்த ஹைலக்ஸ்மா?"

"96 மாடல்."

"எஞ்சின்?"

நான் முழித்தேன். "பழசக் கழட்டிக் கொண்டா தங்கச்சி. இல்லன்னா வண்டியவே கொண்டா" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்கு மோட்டார் சைக்கிள் செயின் எடுக்கப் போய்விட்டார். கையில் காசோடு நிற்கிற ஆளை இப்படியா அனுப்புவது என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற வண்டிச் சாமான் கடை அது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் தோட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு, பல்லாங்குழிபோல ஃபில்டர் அடுக்கிய மர அலமாரி என்றாலே தெரிந்துவிடும்.

வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஈப்போவுக்கு வாழையிலை கொண்டுபோவது என் தொழில். வண்டி அப்பா விட்டுப்போனது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஒற்றைக் கேபின், 2.4 லிட்டர் டீசல், கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும். மற்றபடி குறை சொல்ல முடியாது, இந்த வருடம் வரைக்கும்.

கோளாறு நானே தேடிக்கொண்டதுதான். இணையத்தில் 16 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஃபில்டர் வந்தது. பெட்டியில் பெரிதாக 'ஹைலக்ஸ்' என்று போட்டிருந்தது. தம்பியும் நானும் வீட்டு வாசலிலேயே மாட்டினோம். மரை சரியாகப் பிடித்தது, கைக்கு இறுகியது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரிஜினலைவிட 39 வெள்ளி மிச்சம் என்று அன்று கணக்குப் பார்த்தேன்.

நான்காம் நாள் ஈப்போ போகிற வழியில் செம்மோர் சிக்னல் லைட்டில் வண்டி இருமிவிட்டு நின்றது. பின்னால் முந்நூறு இலை, ஏழு மணிக்குள் கடையில் இறக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, ஃபில்டரைத் திருகி மாட்டுகிற தலையில் இருக்கிற கைப்பம்பை முப்பது நாற்பது தடவை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் நிற்கிறது. பழக்கமான ஒரு போமனிடம் (மெக்கானிக்) காட்டினேன். எங்கேயும் ஒழுகல் இல்லையே, அப்படியென்றால் இஞ்செக்‌ஷன் பம்ப்தான் போயிருக்கும், கழற்றிச் செய்ய 1,800 வெள்ளி ஆகும் என்றார். பம்பைத் தொடுவதற்கு முன்னால் ஃபில்டரை ஒருதரம் மாற்றிப் பார்ப்போமே என்றுதான் இந்தக் கடைக்குப் போனேன்.

சரி, இரண்டாம் தடவை வண்டியோடு போனேன். அந்த 16 வெள்ளி ஃபில்டரை அங்கேயே கழற்றி, கொஞ்சம் பெருமையாகவே நீட்டினேன். வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இதாமா பழசு?"

"ஆமாண்ணே."

"இதுவே தப்பு."

பழசைக் கொண்டு வா என்றவர் பழசையே நம்பவில்லை! துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கெரானை (வண்டிப் பதிவுப் பத்திரம்) வாங்கி எஞ்சின் எண்ணைப் பார்த்தார், அதோடு விடாமல் எஞ்சின் மேலேயே டார்ச் அடித்தும் பார்த்தார். கெரானில் ஒன்று இருக்கும், உள்ளே வேறு எஞ்சின் உட்கார்ந்திருக்கும், இந்தப் பக்கம் அது சகஜமாம். என் வண்டியில் பிறந்தபோதே இருந்த 2எல் எஞ்சின்தான். 2.8 லிட்டர் 3எல் மாற்றியிருந்தாலும் இந்தச் சாமானுக்கு வித்தியாசமில்லை, ஆனால் பெட்டியில் 'ஹைலக்ஸ்' என்பதை மட்டும் பார்த்து வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம். ஹைலக்ஸ் 1968-லிருந்து வருகிறது. பிற்காலத்து விகோ மாடல் ஹைலக்ஸில் வந்த காமன் ரயில் என்ற புது வகை டீசல் எஞ்சினுக்கும் அப்பாவின் வண்டிக்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு கிடையாது.

அப்புறம் என் கையைப் பிடிக்காத குறையாக ஃபில்டர் தலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அங்கே இரண்டு வளையத் தடம் இருந்தது. வெளியே ஒன்று, வருடக்கணக்கில் சரியான ரப்பர் உட்கார்ந்து அழுத்திய பளபளப்பான தடம். அதற்குள்ளே இன்னொன்று, புதிதாக, ஒரு பக்கம் தேய்ந்தும் ஒரு பக்கம் படாமலும். அலமாரியிலிருந்து ஒரு ஃபில்டரை எடுத்து என்னுடையதோடு வாய்க்கு வாய் வைத்துக் காட்டினார். உயரம் ஒன்று, மரை ஒன்று. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் ரப்பர் வளையம் மட்டும் 2 மில்லிமீட்டர் சின்னது.

"ஒழுகலயே அண்ணே?" என்றேன்.

பையில் கட்டித் தருகிற கரும்புச் சாற்றை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் சாறு வெளியே வருமா, காற்று உள்ளே போகுமா என்று கேட்டார். இந்த வண்டியில் டேங்குக்குள் தனி பம்ப் கிடையாது. இஞ்செக்‌ஷன் பம்ப்தான் ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சிக் குடிக்கிறது. அதனால் ஓடும்போது ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும். போமனைக் குறை சொல்லி என்ன பயன், ஈரம் தேடினார், ஈரம் இல்லை.

விலைக்கு வருகிறேன். டொயோட்டா ஒரிஜினல் 55 வெள்ளி, சாகுரா என்ற வேறு கம்பெனி ஃபில்டர் 28. ஒரிஜினல்தான் போட வேண்டுமா என்று கேட்டதற்கு, "உன் வண்டிக்கு இது போதும்மா" என்று 28-ஐ எடுத்தார். எந்தக் கடைக்காரர் அப்படிச் சொல்கிறார்? கீழே தண்ணீர் சென்சாருக்கான சின்ன ஓ-ரிங்கும் ஒன்று கொடுத்து 2 வெள்ளி வாங்கிக்கொண்டார். அந்த சென்சார் புதுசோடு வராது, பழசிலிருந்து கழற்றி மாற்ற வேண்டும். தெரியாமல் பழையதோடு தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேராம்.

மாட்டித் தருவது அவர் வேலையில்லை, ஆனால் பக்கத்தில் நின்றார். ரப்பரில் கிரீஸ் தடவப் போன தம்பியைத் தடுத்து, விரலால் டீசல் தொட்டுத் தடவச் சொன்னார். ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டலாமா என்றதற்கும் வேண்டாம் என்றார். நடு ஓட்டையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போய்விடும், கைப்பம்பு எதற்கு இருக்கிறது? ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று, அவ்வளவுதான்.

கடைசியாகச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. உள்ளேயிருந்து கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்து, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே இருந்த கறுப்புக் குழாய்க்குப் பதிலாக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டார். முதலில் சோடா மாதிரி குமிழ் குமிழாக வந்தது. பிறகு அரிசி அளவு. பிறகு எப்போதாவது ஒன்று. ஐந்து நிமிடத்தில் குழாய் நிறைய மஞ்சளாக, குமிழே இல்லாத டீசல். குழாயைக் கழற்றி வாங்கிக்கொண்டார், அதற்குக் காசில்லை.

தப்பு ஃபில்டரில் இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பார்த்தோம். அடியில் இரண்டு விரல் தண்ணீர், அதற்கு மேல் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2019-லிருந்து பெட்ரோல் ஸ்டேஷனில் வருவது பி10 டீசல், அதாவது நூற்றுக்குப் பத்துப் பங்கு நம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. அந்தப் பத்துப் பங்கு பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அம்மா அந்தக் காலத்தில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். போத்தலைப் பார்த்துவிட்டு, "நான் பொறுக்குனதா இருக்கும்" என்றார். இப்போது மாதம் ஒருமுறை ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுகிறேன், இரண்டு நிமிட வேலை.

மாற்றி மூன்று மாதம் ஆகிறது. செம்மோரில் நிற்கவில்லை. காலையில் ஒரே ஸ்டார்ட். டீசலை அரை டேங்குக்குக் கீழே போகவிடக் கூடாது என்று அவர் சொன்னதையும் கடைப்பிடிக்கிறேன். 2024 ஜூனில் லிட்டர் 2.15-லிருந்து ஒரே இரவில் 3.35 ஆனதிலிருந்து அதுதான் கஷ்டமாக இருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. கார்டு வாங்க மாட்டார், ரொக்கம்தான். மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் இரண்டரைக்குத்தான் திறப்பார், அதற்குள் அடிக்கிற போனையும் எடுக்க மாட்டார். முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடையாது. அவசரத்தில் போகிறவர்களுக்கு அந்தக் கடை ஆகாது, ஒரு திருகாணி வாங்கினாலும் காந்தி கலாசாலையில் அவர் படித்த கதையிலிருந்து ஆரம்பிப்பார்.

இன்னொன்று, ஒருதரம் திருகிப் பார்த்த ஃபில்டரைத் திருப்பி வாங்க மாட்டார். துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாலும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். தம்பி ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுபோனான். "என்னடா, ஃபில்டர் குளிச்சிட்டு வந்திருக்கு?" என்றாராம்.