ரவுட்டர் தகட்டில் துளை போடக் கொடுக்கப் போகிறீர்களா?

வீட்டில் இணையத்துக்கு வைக்கும் பெட்டியைச் சொல்லவில்லை. மரத்தில் பள்ளம் எடுக்கும் ரவுட்டர் மெஷினைச் சொல்கிறேன். அதை மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட 9 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வாங்கி, துளை போட ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து ஏமாந்தேன்.

மண்டபம் ஊரில் நிலை, ஜன்னல் செய்யும் சிறிய பட்டறை என்னுடையது. கைட்ரில்லில் துளை சாய்ந்துவிடும் என்று பயந்துதான் பஸ் ஏறினேன். துளைகளின் இடத்தைக் குறிக்க அச்சாக மெஷினின் அடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டையும் கழற்றிக் கொண்டுபோனேன். அதன் நான்கு துளைகளும் ஒரே இடைவெளியில் இல்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துக் குறித்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறிவிடும். அதனால் மரத்தில் உரசும் முகத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, "இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும்" என்றேன். "எங்களுக்குத் தெரியாதா அண்ணே?" என்றார் பட்டறைக்காரர். எவர்சில்வர் ஸ்குரூவும் சேர்த்து 1,400 ரூபாய் வாங்கினார்.

மாட்டினேன், ஓட்டினேன், நான்கு நாள் குறையில்லை. ஐந்தாம் நாள் ஜன்னல் சட்டத்தில் 6 மில்லிமீட்டர் பள்ளம் எடுத்தபோது ஒரு முனையில் 6, மறுமுனையில் ஏழரை. மெஷினின் சத்தத்திலும் ஏதோ கரகரப்பு. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். இரண்டு ஸ்குரூவைச் சுற்றி வெள்ளி பெயிண்ட் வட்டமாக வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே பசைமாவு! கவிழ்த்துத்தான் குறித்திருக்கிறார்கள். இரண்டு துளை பொருந்தியிருக்கிறது, இரண்டு தள்ளி நின்றிருக்கிறது. அவற்றை வட்ட அரத்தால் ராவி நீளமாக்கி, மிச்ச ஓட்டையைப் பசையால் அடைத்து, மேலே பெயிண்ட் பூசிவிட்டார்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் மெஷின் அந்தப் பசையை நம்பித் தொங்கியிருக்கிறது. மரத்தைத் தள்ளும் என் விரல்களும் அதை நம்பித்தான் இருந்தன.

ஸ்குரூவிலும் துரு. காந்தத்தை வைத்தேன், 'டக்' என்று கவ்வியது. சாதாரண இரும்புக்கு முலாம் பூசி எவர்சில்வர் விலை போட்டிருக்கிறார்கள். எங்கள் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

கேட்கப் போனால், "நீங்கள் அதிகமாக முறுக்கியிருப்பீர்கள் அண்ணே" என்கிறார். பாதிப் பணமாவது தாருங்கள் என்றேன். தேநீர் வாங்கித் தந்தார்.

புதுத் தகட்டுக்கு, பாம்பனில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் என் மைத்துனரின் கொட்டகைக்குப் போனோம். அங்கே ஸ்டாண்டு ட்ரில் இருக்கிறது. கறுப்புத் தட்டை இருபக்க டேப்பால் தகட்டின் மேல்முகத்தில் ஒட்டி, துளைகளின் நடுவைக் கூர்முனை இரும்புப் பஞ்ச்சால் தட்டிக் குறித்து, முதலில் 3 மில்லிமீட்டர் ட்ரில், பிறகு ஸ்குரூவின் அளவு. சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் ட்ரில்லில் அப்பாது. ஸ்குரூத் தலை தகட்டின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கும்வரை துளையின் வாயை அகலப்படுத்தினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா ராமநாதபுரம் போனேன்!

நீங்கள் வெளியே கொடுத்தால் மெஷினையே தூக்கிக்கொண்டு போங்கள். அங்கேயே மாட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பெயிண்ட் பூசிய தகட்டை வாங்கவே வாங்காதீர்கள். துளை போட்ட அலுமினியத்துக்குப் பெயிண்ட் எதற்கு? நான் அதைக் கேட்கவில்லை. அன்று தகட்டைக் கையில் வாங்கும்போதே அதன் முகத்தில் சாக்பீஸ் கோடு அப்படியே வெள்ளையாக அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்து நானே துண்டால் துடைத்துவிட்டேன்.